எஞ்சின் மூச்சு விடும் குழாய்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி, லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இது. அறுவடைக் காலத்தில் மார்க்கையன்கோட்டைச் சாலையோரம் நிற்கும் வண்டிகளைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரு பொதுவான அடையாளம் தென்படும். டிராக்டர், கதிர் அறுக்கும் இயந்திரம், நெல் மூட்டை ஏற்ற வந்த லாரி, விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்வந்த ஜீப் என்று எதுவாக இருந்தாலும், எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கியிருக்கும். குழாய் நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு. கீழே மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

பழைய ஓட்டுநர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. புதிதாக வண்டி வாங்கியவருக்கோ வயிற்றைக் கலக்கும். லட்சக்கணக்கில் போட்டு டீசல் வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருப்பவர் என்றால் இன்னும் மோசம். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் பளபளவென்று இருக்க, வண்டிக்கடியில் மட்டும் கறுப்புச் சொட்டு விழுந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? அடுத்த நாளே பட்டறையில் நிற்பார். அங்கே இரண்டு வகையான தீர்ப்பு கிடைக்கும். ஒருவர் “பேக் கம்ப்ரஷன் அடிக்குதுண்ணே, எஞ்சினை இறக்கிரலாம்” என்பார். இன்னொருவர் குழாயின் வாயில் துணியைச் சுற்றி ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு, “இனிமே சொட்டாது” என்பார். முதலாமவர் சொல்வது பெரும்பாலும் அவசரம். இரண்டாமவர் செய்வது ஆபத்து.

அந்தக் குழாயைப் பட்டறைகளில் பிரீதர் என்பார்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறுவதற்கென்று, வடிவமைத்தவர்களே தெரிந்து வைத்த வழி அது. எஞ்சினுக்குள் வாயு ஏன் சேர வேண்டும்?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கினால் அது பழுக்கச் சூடாகும். அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்தக் கணத்தில் பிஸ்டனின் தலையில் ஏறும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல நூறு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தடுத்து நிறுத்துபவை பிஸ்டனைச் சுற்றி மாட்டிய மெல்லிய வளையங்கள்தாம். அந்த ரிங்குகள் முழு வட்டமாக இருக்க முடியாது. மாட்டுவதற்கும், சூட்டில் விரிந்து கொடுப்பதற்கும் ஓரிடத்தில் வெட்டு வேண்டும். ஷோரூமிலிருந்து அன்றைக்கு வெளிவந்த வண்டியிலும் அந்த வெட்டில் ஒரு மயிரிழை இடைவெளி உண்டு. அதன் வழியாகவும், ரிங்குக்கும் அது உட்காரும் பள்ளத்துக்கும் நடுவிலும், கொஞ்சம் வாயு நழுவி, கீழே கிராங்க் தண்டு சுழலும் பெட்டியான கிராங்க் கேஸுக்குள் போய்விடும். பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பது இந்த நழுவலைத்தான்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஜாம்ஷெட்பூரின் டாடா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி டாடா லாரிகளில் ஓடிய 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினையே எடுத்துக்கொள்ளலாம். அதே குடும்பத்து எஞ்சின் அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்று சொல்லும் எத்தனையோ கேரவன்களை இழுத்திருக்கிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும்போது, டர்போ இல்லாமலேயே அது ஏறத்தாழ 7,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு நழுவினாலும் நிமிடத்துக்கு 70 லிட்டர் ஆகிறது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் நிமிடத்துக்கு 70 லிட்டர் வாயு புகுந்துகொண்டே இருந்தால், அது எங்காவது வெளியேறித்தானே ஆக வேண்டும்?

நழுவும் வாயு தனியாகவும் வருவதில்லை. கிராங்க் கேஸுக்குள் ஆயில் மழை. கிராங்க் தண்டு சுழலும் வேகத்தில் ஆயில் சிதறுகிறது; பிஸ்டனின் அடிப்பகுதியைக் குளிர்விக்கக் கீழிருந்து ஆயிலைப் பீய்ச்சும் எஞ்சின்களும் உண்டு. பெரிய துளிகள் சுவரில் மோதி வழிந்து, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கே திரும்பிவிடும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான நுண்துளிகள் அப்படி விழுவதில்லை. வாயுவோடு மிதந்தபடி குழாய்க்குள் வந்துவிடுகின்றன.

அவற்றோடு தண்ணீரும் வரும். பலரும் நம்ப மறுக்கும் கணக்கு இது: ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டி நழுவிய பங்கு கிராங்க் கேஸுக்கு வரும். வெளிக்காற்று படும் பிரீதர் குழாய் எஞ்சினின் மற்ற பாகங்களைவிடக் குளிர்ச்சியானது. ஆவி அங்கே நீராகி, ஆயில் துளிகளோடு கலந்து, காப்பி நிறத்தில் ஒரு குழம்பாக நுனிக்கு வந்து சொட்டும். மார்கழியில் மேகமலையில் இரவு தங்கிவிட்டு, காலையில் எஞ்சினைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் இந்தக் குழம்பு அதிகம் வரும். அதைத் தொட்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழவழப்புக் குறைந்து நீராக ஓடினால், சொட்டியதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் கேட்கப் பயமாக இருக்கும். பத்து மணி நேர ஓட்டத்துக்கு 600 சொட்டு, அதாவது ஏறத்தாழ 20, 30 மில்லி. பத்துப் பதினைந்து லிட்டர் ஆயில் பிடிக்கும் எஞ்சினுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் அந்தச் சொட்டு எங்கே விழுகிறது என்பது பொருட்டுதான்.

வாயுவையும் சொட்டையும் வெளியேற்ற முதலில் வந்த ஏற்பாடு மிக எளிமையானது. எஞ்சினிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு அடியில் இறக்கி, நுனியைச் சாய்வாக வெட்டி, வாய் பின்பக்கம் பார்க்கும்படி விட்டுவிடுவார்கள். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்த வாயில் ஓர் இழுவிசையை உண்டாக்கி, உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி எடுக்கும். வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை. சமவெளியில் நன்றாகவே வேலை செய்யும். அதன் பலவீனம் தெரிவது மலைச்சாலையில்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. நிறை பாரத்தோடு இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டியில் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அதனால் நழுவும் வாயுவும் உச்சத்தில் இருக்கும். வேகமோ 15, 20 கிலோமீட்டர். குழாயின் வாயில் இழுப்பே இருக்காது. மூச்சு அதிகம் விட வேண்டிய நேரத்தில்தான் உறிஞ்சும் காற்று இல்லாமல் போகிறது. கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இறங்கும் ஜீப்புகளில் டேப்பெட் கவர் ஓரமும் டிப்ஸ்டிக் துளையும் எப்போதும் ஆயில் பிசுபிசுப்போடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே இறங்கும்போதும் நிம்மதி இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் வெளியேற வேண்டிய வாயு சிலிண்டருக்குள்ளேயே தடுக்கப்பட்டு, ரிங்குகள்மேல் மறுபடியும் அழுத்தம் ஏறும்.

பெட்ரோல் கார்களில் இந்தத் திறந்த குழாய்க்கு முற்றுப்புள்ளி வைத்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டம். காரிலிருந்து வெளியேறும் எரியாத எரிபொருளில் கணிசமான பங்கு சைலன்சர் வழியே வராமல் இந்தப் பிரீதர் வழியே வருகிறது என்பது 1950களில் தெரியவந்தது. 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவில் அந்த வாயுவை மறுபடி எஞ்சினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் வால்வு வந்தது. பெட்ரோல் எஞ்சினில் இது சுலபம். காற்று போகும் வழியை மூடித் திறக்கும் திராட்டில் இருப்பதால், அதற்குப் பின்னால் பெரும்பாலான நேரம் ஒரு வெற்றிடம் கிடைக்கும். டீசலில் பொதுவாக அந்தத் திராட்டில் இல்லை. இலவச வெற்றிடமும் இல்லை. தவிர, டீசல் எஞ்சின் நெருக்குவது வெறும் காற்றை என்பதால் நழுவும் வாயுவில் எரிபொருளும் குறைவு. அதனால் டீசலின் பிரீதரைச் சட்டம் ரொம்பக் காலம் கண்டுகொள்ளாமல் விட்டது. அமெரிக்காவில் டர்போ பொருத்திய கனரக டீசல்களுக்கு இருந்த விலக்கு 2007 மாடல்களோடுதான் முடிவுக்கு வந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளில் கிராங்க் கேஸ் புகையும் கணக்கில் வருகிறது.

டீசலுக்கு அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு எவ்வளவு தப்பு என்று காட்டியது பள்ளிப் பேருந்து. அமெரிக்காவின் கிளீன் ஏர் டாஸ்க் ஃபோர்ஸ் என்ற அமைப்பு, பேருந்துக்குள் குழந்தைகள் சுவாசிக்கும் நுண்துகள் எங்கிருந்து வருகிறது என்று அளந்து 2005-இல் அறிக்கை வெளியிட்டது. எல்லோரும் சைலன்சரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். சைலன்சரில் வடிகட்டி பொருத்திய பிறகும் உள்ளே நுண்துகள் குறையவில்லை. முன்பக்கம் எஞ்சின் மூடிக்கு அடியில் திறந்திருந்த பிரீதர்தான் பெரும் குற்றவாளி. முன்கதவு திறக்கும்போதெல்லாம் அந்தப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. பிரீதரை மூடிய வடிகட்டியோடு இணைத்ததும் அளவு விழுந்தது.

தமிழ்நாட்டுப் பேருந்துப் பயணிகளுக்கு இதைக் கேட்டதும் ஓர் இடம் நினைவுக்கு வரும். முன்பக்க எஞ்சின் வைத்த பழைய வண்டிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பானட். கூட்ட நேரத்தில் அதன்மேல் உட்கார்ந்து, அடியில் வறுபடும் சூட்டோடு ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். பானட்டின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்து, பிரீதர் குழாயும் கழன்றிருந்தால், அந்தப் புகைக்கு வெளியே போகும் வழி பயணிகளின் மூக்குதான். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. வேனுக்குள்ளேயே படுத்துத் தூங்கும் கேரவன்காரர்கள் இதைக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். டீசல் வாசனை உள்ளே வந்தால் சைலன்சரைப் பார்க்கும் முன் பிரீதர் குழாயைப் பார்ப்பது நல்லது.

குழாயை அடைத்தால் என்ன ஆகும்? வாயு நிற்காது, வேறு வழி தேடும். கிராங்க் தண்டின் பின்பக்க ஆயில் சீல், சம்ப் பேக்கிங், டேப்பெட் கவர் பேக்கிங் ஆகிய எல்லாமே ஆயில் வழியாமல் தடுக்கப் போட்டவை. உள்ளிருந்து தள்ளும் வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்காக அவை செய்யப்படவில்லை. முதலில் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பும். பிறகு பின்பக்க சீல் ஆயிலைக் கக்கும். அந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால், மலை ஏறும்போது கிளட்ச் வழுக்கும். டர்போவிலிருந்து ஆயில் வடிந்து திரும்பும் வழியும் கிராங்க் கேஸில்தான் முடிகிறது. அங்கே அழுத்தம் ஏறினால் ஆயில் வடியாமல் தேங்கி, டர்போவின் சீலைத் தாண்டிப் போகும். சொட்டு சொட்டாக வந்த ஆயிலை நிறுத்தப் போய், கியர்பாக்ஸை இறக்கிச் செய்ய வேண்டிய வேலையை இழுத்துக்கொள்வதுதான் அந்தத் துணிக் கட்டு. அடைப்பு தானாகவும் விழும். குளவி கூடு கட்டும். சேறு ஏறி இறுகும். மாதக்கணக்கில் நிற்கும் கேரவன்களில் குளவிக்கூடு சாதாரணம்.

ஆயில் மூடுபனி வெடிக்கவும் செய்யும் என்பது கப்பல்காரர்கள் கொடுமையான விலை கொடுத்து அறிந்துகொண்ட பாடம். 1947 செப்டம்பரில் வடக்கு அயர்லாந்துக் கரைக்கு அப்பால், பழுதுபார்த்து முடித்துச் சோதனை ஓட்டத்தில் இருந்த ‘ரெய்னா டெல் பசிஃபிகோ’ என்ற பயணிகள் கப்பலின் எஞ்சின் அறையில் கிராங்க் கேஸ் வெடித்து 28 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிச் சூடான பிஸ்டன்தான் உள்ளிருந்த ஆயில் மூடுபனியைக் கொளுத்தியது. அதன்பிறகு பெரிய கப்பல் எஞ்சின்களில் அழுத்தம் ஏறினால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்புக் கதவுகள் கட்டாயமாயின. லாரி எஞ்சினின் கிராங்க் கேஸ் சிறியது; அந்த அளவு ஆபத்து அதில் இல்லை. ஆனாலும் உள்ளே இருப்பது சாதுவான புகை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சரி, பிரீதரில் புகை நிஜமாகவே அதிகம் அடிக்கிறது. எஞ்சினை இறக்க வேண்டுமா? அதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு.

முதலில் டிப்ஸ்டிக். ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை பிரீதர் வழியே வெளியேறும். மேல்கோடு வரை ஊற்றியதும் ஒரு லிட்டரை மளமளவென்று வெளியே தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சும்மா இருக்கும் எஞ்சின்கள் உண்டு. அமெரிக்க மோட்டார் ஹோம்காரர்களிடையே இது பழைய கதை. அவர்களில் பலர் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரிவில் நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினால் மட்டம் பொய் சொல்லும். குமுளி சரிவில் குறைவாகக் காட்டியது என்று ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு, கம்பத்துச் சமதளத்தில் பார்த்தால் மேல்கோட்டுக்கு மேலே நிற்கும். சமதரையில், எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்ப்பதுதான் அளவு.

அடுத்தது, பலரும் கோட்டை விடும் இடம்: ஏர் பிரேக் கம்ப்ரசர். லாரியிலும் பெரிய கேரவனிலும் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் இந்தச் சிறிய கம்ப்ரசருக்கும் பிஸ்டன் உண்டு, ரிங் உண்டு. அதன் ஆயில் எஞ்சினிலிருந்தே வந்து எஞ்சினுக்கே திரும்புகிறது. அதன் ரிங் தேய்ந்தால், அது நெருக்கும் காற்று அந்தத் திரும்பு வழியாகக் கிராங்க் கேஸுக்குள் கொட்டும். வெளியே நின்று பார்ப்பவருக்கு எஞ்சினே போய்விட்ட மாதிரித் தெரியும். கண்டுபிடிக்கும் முறை எளிது. டேங்கில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போது பிரீதரைப் பார்க்க வேண்டும். காற்று நிறைந்து, ‘டஸ்’ என்ற சத்தத்தோடு கம்ப்ரசர் ஓய்ந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். புகையின் வேகம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி கம்ப்ரசர்தான். மலை இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதிக்கும் வண்டிகளில் கம்ப்ரசருக்கு ஓய்வே கிடையாது. எஞ்சினுக்கு முன்னால் அது தேய்வதில் ஆச்சரியம் இல்லை. டர்போவும் இதே போலத்தான். அதன் சீல் தேய்ந்தால் அழுத்தக் காற்றும் சூட்டு வாயுவும் ஆயில் திரும்பும் வழியாக இறங்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தினால் நீலப்புகை விடாமல் பீய்ச்சி, எஞ்சின் இழுப்பும் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடித்தால்தான் ரிங், லைனர் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் அளப்பது நல்லது. பிரீதரின் வாயில் அளவான துளை கொண்ட ஒரு மூடியைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு குழாயை நீர் நிரப்பிய ‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாயில் இணைத்தால், நீர் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்பதே வாயுவின் அளவைச் சொல்லிவிடும். எஞ்சின் தயாரிப்பாளர்கள் இதற்கான கருவியும், ஏற்கத்தக்க அளவின் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். எஞ்சினை இறக்கினால் பெரிய செலவு வரும் நாளில், இந்த அரை மணி நேர அளவைக் கேட்டு வாங்குவது வண்டிக்காரரின் உரிமை.

பின்பக்க எஞ்சின் வண்டிகளின் கதை தனி. வோல்வோ பி7ஆர் 2001-இல் இந்தியச் சாலைக்கு வந்த பிறகு தமிழ்நாட்டு ஆம்னி பேருந்துகளுக்கும் பின்பக்க எஞ்சின் பழகிவிட்டது. அமெரிக்காவின் பெரிய மோட்டார் ஹோம்களில் அது நெடுங்காலமாக வழக்கம். அங்கே அவர்களை அதிகம் படுத்திய கோளாறு, பிரீதர் சொட்டு தரையில் விழாததுதான். எஞ்சினும் ரேடியேட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், குழாயிலிருந்து வரும் ஆயில் மூடுபனியை ரேடியேட்டர் ஃபேன் இழுத்து, ரேடியேட்டரின் துடுப்புகளுக்கிடையில் அப்பிவிடும். ஆயில் பட்ட இடத்தில் தூசி ஒட்டும். வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரியும். உள்பக்கம் தார் பூசியது போல அடைத்திருக்கும். சமவெளியில் தெரியாத இந்த அடைப்பு, மலை ஏறும்போது வெப்பமுள் ஏறித் தன்னைக் காட்டிக்கொள்ளும். வைக்கோல் தூசியும் மண் தூசியும் பறக்கும் அறுவடைக் காலத்து மார்க்கையன்கோட்டைச் சாலையில் இது இன்னும் வேகமாக நடக்கும். மருந்து சிக்கலானது இல்லை. குழாயின் நுனியை ஃபேன் இழுக்கும் எல்லைக்கு வெளியே நீட்டிவிட வேண்டும். குழாயின் விட்டத்தைக் குறைக்கக் கூடாது. நடுவில் எங்கும் தொங்கலாக வளையவும் கூடாது. தொங்கலில் தண்ணீர் தேங்கினால் அதுவே அடைப்பு. நுனி சைலன்சர் பக்கமோ, பிரேக் டிரம் பக்கமோ, டயர் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொட்டைத் தரையில் விழாமல் பிடிக்க விரும்புபவர்கள் நடுவில் ஒரு கேன் வைக்கிறார்கள். வாயு ஒருபக்கம் நுழைந்து, உள்ளே தடுப்புத் தகட்டிலோ இரும்புக் கம்பிச் சுருளிலோ மோதி, ஆயிலை விட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறும். கேனுக்கு வெளியேறும் வழி கட்டாயம் வேண்டும். உள்ளே நுழையும் குழாய் அளவுக்கே அதுவும் அகலமாக இருக்க வேண்டும். மூடி இறுகிய காலி டப்பாவை மாட்டுவதும் துணி சுற்றுவதும் ஒன்றுதான். இந்த எளிய கேன் பெரிய துளிகளைப் பிடிக்கும், நுண்துளிகள் தப்பிவிடும். அவற்றையும் பிடிக்கப் புது லாரி எஞ்சின்களில் வேகமாகச் சுழலும் தட்டுகளின் அடுக்கு ஒன்று உண்டு. ஸ்வீடனின் குஸ்தாஃப் டி லாவால் 1878-இல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கச் செய்த சுழல் இயந்திரத்தின் வம்சம் அது. அவர் பெயரைத் தாங்கிய ஆல்ஃபா லாவால் நிறுவனமும் இன்னொரு ஸ்வீடன் நிறுவனமும் கூட்டாகச் செய்த ‘ஆல்ஃப்டெக்ஸ்’ பிரிப்பான் இப்போது பல கனரக எஞ்சின்களில் சுழல்கிறது. பால் பண்ணையில் பிறந்த யோசனை லாரியின் வயிற்றுக்குள் வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் நூற்றாண்டுக்கும் மேல்.

பிடிக்கும் கேனை விட்டுவிட்டு, பழைய எஞ்சினின் பிரீதர் குழாயை நேரே ஏர் ஃபில்டருக்குள் சொருகிவிடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. சொட்டும் தெரியாது, புகையும் தெரியாது. ஆனால் ஆயில் ஃபில்டரை நனைக்கும், டர்போவில் படியும், இன்டர்கூலரில் தேங்கும். தேய்ந்த எஞ்சினில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு ஆயில் மூடுபனியும் எரிபொருள்தான். உள்ளே போகும் ஆயில் அளவு மீறினால், சாவியை அணைத்தாலும், டீசல் அடியோடு நின்றாலும், எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு தானாக ரேஸ் ஆகும். சுற்று ஏற ஏற ஆயில் அதிகம் வரும். ஆயில் வர வரச் சுற்று ஏறும். அப்போது செய்யக்கூடியது இரண்டே. பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடிக்கலாம். அல்லது காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்கலாம். வெறும் கையை வைக்கக் கூடாது. இரண்டுக்கும் நேரம் இல்லையென்றால் தள்ளி நிற்பதுதான் புத்தி.

தேனிப் பக்கத்துக்குக் கேரவன் என்ற சொல்லைக் கொண்டுவந்தது சினிமா. படப்பிடிப்புக்கு வரும் நட்சத்திரங்களின் வண்டிகள் மரத்தடியில் நாளெல்லாம் நிற்கும். இப்போது சுற்றுலாவுக்கும் வருகின்றன. பக்கத்துக் கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்து, 2022 தொடக்கத்தில் இடுக்கி மாவட்டத்து வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. குமுளி வழியே அங்கே ஏறும் வண்டிகளுக்குக் கம்பம் பள்ளத்தாக்குதான் வாசல். இந்த வண்டிகளின் பொது நோய் அதிகம் ஓடுவதல்ல, ஓடாமல் நிற்பது. நிற்கும் வண்டியின் எஞ்சினை வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது எஞ்சினுக்குள் தண்ணீரைச் சேர்க்கிற வேலை. பத்து நிமிடத்தில் ஆயில் சூடேறாது. உண்டான ஈரம் ஆவியாகி வெளியேறாது. அது ஆயிலோடு கலந்து சேறாகும், அமிலமாகும், பிரீதரை அடைக்கும். பாரம் இல்லாமல் மணிக்கணக்கில் ஐடிலில் ஓடினாலும் ரிங்குகளைச் சுவரோடு அழுத்தப் போதுமான வாயு அழுத்தம் இருக்காது; கரி படிந்து ரிங் இறுகி, நழுவல் கூடும். மாதம் ஒருமுறை என்றாலும் அரை மணி, முக்கால் மணி நேரம் சாலையில் இழுத்து ஓட்டி, ஆயில் முழுச் சூடு ஏறிய பிறகு நிறுத்துவதே சரி. ஏ.சி.க்காக ஜெனரேட்டர் வைத்த வண்டியில் அதற்கும் ஒரு குட்டி டீசல் எஞ்சின், அதற்கும் ஒரு பிரீதர் உண்டு. படுக்கைப் பெட்டிக்கு அடியில் இருப்பதால் அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கேனில் சேர்ந்ததை மறுபடி எஞ்சினில் ஊற்றக் கூடாது. அதில் தண்ணீரும் கரியும் அமிலமும் கலந்திருக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம்; சாக்கடையில் கொட்டுவது சட்டப்படி குற்றம். இந்தப் பள்ளத்தாக்கில் சாக்கடை போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் வாய்க்கால், வாய்க்காலின் மறுமுனை நெல் வயல். ஆயில் மாற்றும் கடைகளில் பழைய ஆயிலுக்கென்று பீப்பாய் வைத்திருக்கிறார்கள், கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவும் செய்கிறார்கள். கேன் நிறைந்ததும் அங்கே கொண்டுபோய் ஊற்றிவிடுங்கள். குழாயை அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுங்கள்.